அழுதவள் கரையில் துண்டக்கா

அந்தக் கடற்கரைக்கு அழுதவள் கரை என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் காலை பத்து மணிக்கு ஒரு பதில் கிடைக்கும், பகல் பன்னிரண்டுக்கு வேறொன்று, சாயங்காலம் இன்னொன்று. பதில் சொல்வது மட்டும் ஒரே ஆள்தான். ரிசார்ட்டின் வழிகாட்டி. வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டான் என்பதால் வேலைக்காரர்கள் அவனுக்குப் புராணம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

வந்திருக்கும் கூட்டத்தைப் புராணம் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பான். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் என்றால், பாறையில் உட்கார்ந்து அழுதவள் கடலுக்குப் போன காதலனுக்காகக் காத்திருந்தவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் அவள் கடல்கன்னி, வாலைத் தொலைத்துவிட்டு அழுதாள். கம்பெனி ஆட்கள் வந்தால் அவள் வியாபாரி ஆகிவிடுவாள். கப்பல் முழுகியதற்கு ஒரு நாள் அழுதுவிட்டு மறுநாளே புதுக் கப்பல் கட்டக் கிளம்பியவள். ஓய்வு பெற்றவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினால் அவள் ராணி. பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் கடைசிக் காலத்தில் கைவிட்டுவிட்டார்கள். இருப்பதிலேயே இந்தக் கதைக்குத்தான் நல்ல வரவேற்பு. கேட்டு முடித்ததும் பாதிப் பேர் வீட்டுக்குப் போன் போட்டுப் பிள்ளைகளைத் திட்டுவார்கள்.

பாறைக்கு எட்டடி தள்ளி ஒரு மரக்குடில் உண்டு. அதில் நின்று துண்டு மடித்துக்கொண்டே இத்தனை கதையையும் தினமும் கேட்கிறவள் அவனுடைய அக்கா. ஊருக்கே துண்டக்கா. காதலன், வால், கப்பல், ராணி எல்லாவற்றையும் முகம் மாறாமல் கேட்பாள். அந்தப் பாறையில் அழுதது யார், எதற்கு அழுதாள் என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஏனென்றால் அழுததே அவள்தான்.

அதற்கு முன்னால் அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பாள். தொண்ணூறு துண்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் எண் தைத்திருக்கும். எண் வெளியே தெரிகிற மாதிரிதான் மடிக்க வேண்டும். விருந்தாளி அறை எண்ணைச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார், ஈரத்தோடு கொண்டுவந்து போடுவார். அதைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்பாமல் மூன்று தரம் உதற வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பி உதறினால் மணல் முழுக்க வாயில். புதுசாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் மணலைத் தின்றுவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொள்வார்கள். துண்டக்கா எதையும் இரண்டு தரம் எண்ணுவாள். துண்டை மட்டுமா, படிக்கட்டில் ஏறினால் படியை, சாப்பிட உட்கார்ந்தால் தட்டை. கூட வேலை செய்கிறவர்கள் அதை ஒரு பைத்தியம் என்றே வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நாள் எண்ணாமல் விட்டதன் பலன் அது என்று யாருக்குத் தெரியும்?

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அங்கே ரிசார்ட் கிடையாது. பன்னிரண்டு அறை ஓட்டல் ஒன்று இருந்தது. அதில் துணி துவைக்க இரண்டு பெண்கள். ஒருத்தி இவள், பத்தொன்பது வயது. இன்னொருத்தி இவளைவிட ஒரு முழம் உயரம். அதனால் நெட்டை. இரண்டு பேரும் ஒரே கல்லில் துவைத்து, ஒரே டம்ளரில் டீ குடித்து, முதலாளியின் நடையை மாற்றி மாற்றி நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். துணிக்கொடி கட்டியிருந்தது சமையலறைக்குப் பின்னால். அங்கே உலர்த்தினால் விரிப்பெல்லாம் வெங்காய வாசனை. விருந்தாளிகள் மூக்கைச் சுளித்தால் முதலாளி இவர்கள் மேல் பாய்வார். கொடியை இடம் மாற்ற மட்டும் அவருக்கு மனசு வராது.

வேலையை முடிக்க நம் ஆள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தாள். கடலோரப் பாறை பகலில் அடுப்பு மாதிரி காயும். ஈர விரிப்பை அதன்மேல் போட்டு மூலைக்கு ஒரு கல் வைத்தால் அரைமணி நேரத்தில் மொறுமொறுவென்று எடுத்துவிடலாம். பாறையில் போடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே? அன்றைக்கு நெட்டை மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். இவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறையில் விரித்தாள். பன்னிரண்டு அறை, பன்னிரண்டு விரிப்பு, இதில் எண்ண என்ன இருக்கிறது என்று எண்ணவில்லை. அப்படியே நிழலில் சாய்ந்தாள். ஒரு கண் அசந்ததுதான் தெரியும். காலில் தண்ணீர் பட்டு எழுந்தபோது பாறை சுத்தமாக இருந்தது.

வெள்ளை விரிப்புகள் அலைக்கு அப்பால் ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டாவது முழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீர்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பாறைமேல் ஏறி உட்கார்ந்து சாயங்காலம்வரை அழுதாள். வேலை போய்விடுமே என்றுதான் அழுதாள். வீட்டில் ஒன்பது வயதுத் தம்பி இருந்தான், அவன் வாய்க்குத் தீனி போட்டே குடும்பம் இளைத்திருந்தது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். "கொடியிலதான் போட்டேன் சார். வந்து பார்த்தா காணோம்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியை முதலாளியே கூட்டிக் கழித்துக்கொண்டார். பின்வாசல் வழியாக நேற்று மத்தியானம் பெரிய பையோடு போனது யார்? நெட்டை. பன்னிரண்டு விரிப்பையும் திருடிய திருடி என்று முற்றத்தில் நிற்கவைத்துக் கத்தினார். நெட்டை ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றாள், அப்புறம் பையை எடுத்துக்கொண்டு போனாள். இவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. துணிக்கொடி கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு பத்திரிகையில் போட்டோ வந்தது. அன்றைக்கு மாடி அறையில் தங்கியிருந்த ஒருவர் எடுத்தது. பாறைமேல் தலைவிரிகோலமாக ஒரு பெண்ணின் முதுகு, எதிரே கடலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ. 'அழுதவள்' என்று தலைப்புப் போட்டு, அவளுடைய சோகத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். அவளிடம் வந்து என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் அவருக்கு நேரமில்லை. போட்டோவைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஓட்டல் மாடிமேல் மாடியாக வளர்ந்தது, கை மாறி ரிசார்ட் ஆனது. வெள்ளையாகத் தெரிந்தது நுரை என்றார்கள், கல்யாண முக்காடு என்றார்கள், ஆவி என்றார்கள். விரிப்பு என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

துண்டக்கா கல்யாணம் செய்துகொண்டாள், புருஷனைப் பறிகொடுத்தாள், பிள்ளை இல்லை. தம்பியை வளர்த்து அதே இடத்தில் வேலைக்கும் சேர்த்துவிட்டாள். துணிக்கிடங்குக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். உலகத்தில் பாதிப் பேர் கடலைப் பார்க்க அங்கே வருகிறார்கள், அவள் ஜன்னலில் தெரிவது ஜெனரேட்டர். ஆனாலும் அது அவள் அறை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் புது மேனேஜர் வந்து ஏறினார். மணலில் பளபளக்கும் ஷூ போட்டு நடக்கிற ஜாதி. வந்த வாரமே இரண்டு திட்டம். முதலாவது, புன்னகை அணி. கடற்கரையில் நிற்கிறவர்கள் எல்லோரும் முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும். துண்டக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க இந்த இடத்துக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. அதனால உங்களைக் கௌரவமா அனுப்பணும்னு நினைக்கிறேன். மாசக் கடைசியில ஒரு விழா. கேக் வெட்றோம்."

"எங்க சார் அனுப்புறீங்க?"

"ஓய்வும்மா. ரெஸ்ட்."

"அப்ப என் ரூம்?"

"அதை யோகா ரூம் ஆக்குறோம்." அதை அவள் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தது போலச் சிரித்தார்.

தம்பி வீட்டில் இரண்டு அறைக்கு ஆறு பேர். அங்கே போனால் தம்பி மனைவி வா என்றுதான் சொல்வாள். அந்த 'வா' எத்தனை நாள் 'வா'வாகவே இருக்கும் என்று துண்டக்காவுக்குத் தெரியாதா? அன்றைக்கு முதல் தடவையாகத் துண்டை எண் உள்ளே போகிற மாதிரி மடித்து வைத்தாள்.

இரண்டாவது திட்டம் புராணத்தின் பிழைப்பிலேயே கை வைத்தது. ஒரு கரைக்கு நான்கு கதை இருக்கக் கூடாதாம். ஒரே கதை, அதிகாரபூர்வமான கதை, பித்தளைப் பலகையில் பொறித்துப் பாறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். பலகையே கதை சொன்னால் புராணம் எதற்கு? கதையைத் தேர்ந்தெடுக்கச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலைக்காரர்கள் எல்லோரையும் கூட்டினார்கள். நகரத்திலிருந்து ஒரு விளம்பரக்காரர் வந்திருந்தார். புராணம் தன்னுடைய நான்கு கதைகளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தான். காதலன் கப்பல் கட்டி, ராணிக்கு வால் முளைத்து, எல்லாம் கலந்துவிட்டது. விளம்பரக்காரர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் திரையில் அந்தப் பழைய போட்டோவைப் போட்டார்.

"இவள் யாருங்கறது முக்கியமில்ல. என்ன உணர்வு வருதுங்கறதுதான் முக்கியம். பாருங்க. களங்கமில்லாதவ. யாரோ இவளுக்கு அநியாயம் செஞ்சிருக்காங்க. இவ யாருக்கும் துரோகம் செய்யாதவ. நம்ம பிராண்டே அதுதான், விசுவாசம்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த துண்டக்காவுக்குக் காது அடைத்தது. காதலனுக்காக அழுதாள் என்றார்கள், பொறுத்துக்கொண்டாள். வால் வைத்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டாள். துரோகம் செய்யாதவள் என்றால் எப்படிப் பொறுப்பது? எழுந்துவிட்டாள்.

"சார், அது நான்தான். அவளுக்கு யாரும் அநியாயம் செய்யல. அவதான் செஞ்சா."

பாறை, குறுக்குவழி, தூக்கம், அலை, முதலாளி, பொய் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நெட்டையைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. "அவ ஒண்ணும் எடுக்கல சார். திருடின்னு பேர் வாங்கிட்டுப் போனா. நான் வேடிக்கை பார்த்துட்டு நின்னேன்."  இனி வேலையும் அறையும் போகட்டும், தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினால் போதும் என்று இருந்தது.

 முதலில் விளம்பரக்காரர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"பிரமாதம்" என்றார் மேனேஜர். "பெட்ஷீட். யாருமே எதிர்பார்க்க மாட்டாங்க. யாரு எழுதிக் கொடுத்தாங்கம்மா, உங்க தம்பியா?"

"நடந்தது சார்."

"அதேதான். இதே மாதிரி 'நடந்தது சார்'னு சொல்லணும். அப்படியே நம்புறாங்க பாருங்க."

சும்மா சொல்லக் கூடாது, மேனேஜர் வேகமான ஆள். ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழானது. ஓய்வு ரத்து. கேக் ரத்து. பித்தளைப் பலகையும் ரத்து. யோகாவை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். வேலைக்காரர்கள் பாறையில் உட்காரக் கூடாது என்று இருந்த விதியில் 'துண்டக்கா நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்தார்கள். தினமும் நான்கு மணிக்கு வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து இருபது நிமிஷம் அழ வேண்டும். அதுதான் புது வேலை. புராணம் கீழே நின்று கதை சொல்வான்.

புராணத்துக்கு முதலில் கோபம். "நாப்பது வருஷமா எங்கிட்டகூடச் சொல்லலையேக்கா. எத்தனை ராணி, எத்தனை கப்பல். எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினேன்" என்று மூக்கைச் சிந்தினான். அக்கா வேலை தப்பியது, தன் வேலையும் தப்பியது என்று உறைத்ததும் கதைக்கு மெருகு போட ஆரம்பித்தான். அவன் சொன்னதில் பன்னிரண்டு விரிப்பும் வரிசையாக நீந்தின, முதலாளி பின்னாலேயே குதித்து நீந்தினார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெட்டை மட்டும் எங்கேயும் வரவில்லை.

"அவளை எங்கடா?"

"குடும்பமா வர்றாங்கக்கா. திருட்டு, பழி எல்லாம் எதுக்கு? சிரிச்சிட்டுப் போகட்டுமே."

"அதை விட்டா இதுல என்னடா இருக்கு?"

"பெட்ஷீட் இருக்குல்ல" என்றான்.

அழுகையும் வரவில்லை. நாற்பத்தொரு வருஷமாகத் தனியாகத் துண்டு மடிக்கும்போது வந்த கண்ணீர், நான்கு மணிக்கு வா என்று கூப்பிட்டால் வருமா? மேனேஜர் சொட்டுமருந்து வாங்கிக் கொடுத்தார். கண்ணில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தம்பி முடித்ததும், படம் எடுக்கப் பக்கத்தில் வருகிற ஒவ்வொருத்தரிடமும் தானே சொல்வாள். "எங்கூட நெட்டைன்னு ஒருத்தி வேலை செஞ்சா. அவமேல பழி விழுந்துச்சு. அவ ஒண்ணுமே எடுக்கல. தெரிஞ்சுக்கோங்க." சரிம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, தினமும் இருபது பேருக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறோம் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அப்படி ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒருநாள் கதை முடிந்து கூட்டம் கலைகிற நேரம், ஒரு கிழவி மட்டும் நகராமல் நின்றாள். முதுகு வளைந்தும் மற்றவர்களைவிட ஒரு முழம் உயரமாக இருந்தாள். துண்டக்கா அவளை அடையாளம் கண்டுவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், போர்த்தியிருந்த விரிப்பு காலில் சிக்கியது.

"உட்காருடி, விழுந்து தொலைக்காதே" என்றாள் நெட்டை. "என் பேத்தி போன்ல உன் வீடியோவைக் காட்டினா. உன் முகத்தைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. அதான் பஸ் ஏறி வந்தேன்."

"என்னைத் திட்டத்தானே வந்தே? திட்டு."

"இரு. முதல்ல எனக்கு ஒரு கணக்குத் தெரியணும். நான் ஒண்ணுமே எடுக்கலைன்னு தினமும் சொல்றியாமே?"

"ஆமா. இனிமேலும் சொல்லுவேன்."

"கடல்ல எத்தனை போச்சு?"

"பன்னெண்டு."

"எண்ணினியா?"

துண்டக்கா தயங்கினாள். "எண்ணினப்ப பதினொண்ணு. ஒண்ணு முழுகிடுச்சு."

"முழுகலடி" என்றாள் நெட்டை. "அது என் பையில இருந்துச்சு."

 அலை வந்து பாறையின் அடியை நனைத்துவிட்டுப் போனது.

"வீட்டு ஜன்னலுக்குத் திரை கிடையாது. ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். மறுநாள் முதலாளி கூப்பிட்டதும் மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். பன்னெண்டுன்னு அந்த ஆள் கத்தறான். எனக்குத் தலை சுத்துது. எடுத்தது ஒண்ணு, பன்னெண்டு எப்படி ஆச்சு? இல்ல சார், ஒண்ணுதான்னு சொல்ல முடியுமா? அதான் வாயைத் திறக்காமப் போனேன். நாப்பத்தொரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்டி. மீதிப் பதினொண்ணு எங்க போச்சுன்னு."

துண்டக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே உள்ளேயிருந்து வேறு ஒன்று கிளம்பி வந்து, பத்தொன்பது வயதில் அழுத மாதிரி ஓவென்று அழுதாள். திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாடியிலிருந்து மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"என்னை மன்னிச்சுடுடி."

"ஒண்ணு என் கணக்கு. அதுக்கு நீ பொறுப்பில்ல. பதினொண்ணு உன்னுது. அதுக்கு என்னை எத்தனை வீட்ல வேலைக்கு வேண்டாம்னு சொன்னாங்க தெரியுமா?" நெட்டையின் தாடை ஆடியது. "மன்னிப்பை அப்புறம் பார்க்கலாம். வந்து நிக்கிறேன் இல்ல, தள்ளி உட்காரு."

துண்டக்கா தள்ளி உட்கார்ந்தாள். நெட்டை மெதுவாக ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். விரிப்பின் ஒரு பாதியைத் துண்டக்கா அவள் தோளில் போட்டாள். கூட்டம் நெருங்கியது, இது யாரு, இது யாரு என்று கேட்டது. புராணம் முண்டியடித்துக்கொண்டு வந்து, பழக்க தோஷத்தில் கூட்டத்தை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தான்.

"அக்கா, கேக்கறாங்க. இவங்க யாருன்னு நான் என்ன சொல்ல?"

துண்டக்கா வாயைத் திறப்பதற்குள் நெட்டை பதில் சொன்னாள்.

"ஒண்ணு எடுத்தவள்னு சொல்லு. ஒண்ணேதான். மீதிப் பதினொண்ணு உங்க அக்கா கணக்குன்னு சொல்லு. எண்ணிக்கையை மாத்தாதே."

புராணம் அக்காவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கேட்டதைக் கேட்டபடியே சொன்னான்.